பத்து நாள் இருமல்

எங்கள் ஊரில் யாராவது இருமினால் பக்கத்தில் இருப்பவர் சயனைடு மேட்டைக் குறை சொல்வார். சுரங்கம் மூடிப் பல வருடமாகியும் தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் அங்கே மலையாகக் கிடக்கிறது. ஆடிக் காற்றில் அந்தத் தூசு வீட்டுக்குள் வரும், தெருவே இருமும், காற்று நின்றால் அதுவும் நின்றுவிடும். அம்மா இருமத் தொடங்கியபோதும் அப்படித்தான் நினைத்தோம். ஆடி போனது, இருமல் போகவில்லை. "வர்ற சனிக்கெழம எக்ஸ்ரே எடுத்துடலாம்மா" என்றேன். வாராவாரம் சொன்னேன்.

நான் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். அலுவலகத்தில் சீனாக்காரர்களோடு பேச வேண்டியிருந்ததால் சனிக்கிழமைகளில் ஆன்லைனில் சீனமொழி படித்தேன். "நீ படி கண்ணு, அப்பால போய்க்கலாம்" என்பாள் அம்மா. எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

ஆடி முடிந்து இரண்டு மாதமிருக்கும். டீச்சர் 'துவோயென்' என்ற வினைச்சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். செய்ய வேண்டியதைத் தள்ளிப்போடுவது என்று பொருள். ஆளுக்கொரு வாக்கியம், சொந்த வாழ்க்கையிலிருந்து சொல்லச் சொன்னார். மற்றவர்கள் துணி துவைப்பது, ஜிம்முக்குப் போவது என்று ஏதேதோ சொன்னார்கள். "அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்" என்று நான் சீனத்தில் சொன்னேன். உச்சரிப்பு பிரமாதம் என்று டீச்சர் பாராட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பக்கத்து அறையில் அம்மா இருமியது மைக்கில் கேட்டுவிடுமோ என்று எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் ஓட்டிவிட்டுத்தான் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டாக்டரிடம் போனோம். "எத்தன நாளா இருமல்?" என்றார்.

அம்மா என்னை முந்திக்கொண்டாள். "பத்து நாளா சார். இவதான் லீவு போட்டு இட்டாந்தா."

அவர் இருமல் மருந்து எழுதிக்கொடுத்தார். சீட்டை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டோம். அங்கே அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள், நிற்கவே இல்லை. அவள் கையைப் பிடித்துத் திரும்ப உள்ளே கூட்டிப்போனேன்.

"பத்து நாள் இல்ல சார், நாலு மாசத்துக்கு மேல."

டாக்டர் அம்மாவைத்தான் கடிந்துகொண்டார். "இன்னாம்மா, டாக்டர்கிட்டயே பொய் சொல்லலாமா?" என்றபடி எக்ஸ்ரேவுக்கு எழுதினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் திட்டையும் அவளே வாங்கிக்கொள்ளட்டும் என்று நான் சும்மா நின்றிருந்தேன்.