அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவர்கள்

போன வாரம், விருத்தாசலம் ஜங்ஷன். நல்ல கூட்டம். எதிர் பிளாட்பாரத்திலிருந்து ஒரு குரல்.

"சார்... ஒண்ணுக்கு நல்லா போவுதா?"

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. வேறு யாராவது கேட்டிருந்தால் என் வாயில் என்ன வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் கேட்டவர் அந்தோணிசாமி. கருவேப்பிலங்குறிச்சி விவசாயி. நானும் கத்தினேன் — "நல்லா போவுதுங்க!"

இருவருக்கும் ஒரே நோய். புராஸ்டேட் புற்றுநோய். போன வருஷம் பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் தினமும் கதிர்வீச்சு.

அதில் ஒரு கொடுமை. வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால்தான் குடல் ஒதுங்குமாம், கதிர் அதைப் பொசுக்காதாம். வியாதியே அடக்க முடியாத வியாதி. அதில் அடக்கு என்றால்? தும்மக்கூடப் பயந்து, காலைப் பின்னிக்கொண்டு வராந்தாவில் வரிசையாக நாங்கள்...

அந்த மெஷின்! விருத்தாசலம் பீங்கான் ஊர், நான் அந்த ஊர்க்காரன். சூளைப் பக்கம் போனாலே முகம் காந்தும். இது என்னைச் சுற்றி வந்தது — சூடும் இல்லை, புகையும் இல்லை. "ஏம்மா, சுட்டுச்சா இல்லையா?" என்று டெக்னீஷியன் பெண்ணிடம் சண்டைக்குப் போனேன். "சுட்டாச்சு சார், எறங்குங்க" என்றாள். இன்றுவரை எனக்கு அது பிரமிப்புதான். ஆனால் அதைவிடப் பெரிய பிரமிப்பு வராந்தாவில் இருந்தது.

ஒரு நாள் மெஷின் மக்கர் செய்தது. காத்திருந்தோம். எல்லோரையும் திட்டினேன். பிறகு திட்டவும் பயமாகிவிட்டது — வாயைத் திறந்தால் கீழேயும் திறந்துவிடுமோ? இத்தனை பேர் முன்னால் நனைந்துவிட்டால் இனி சிகிச்சைக்கே வருவதில்லை, செத்தாலும் சரி என்று முடிவு செய்துவிட்டேன். நிஜமாகத்தான்.

கதவு திறந்தது. அடுத்தது அந்தோணிசாமி. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க போங்க சார்."

"யோவ், ஒனக்கு முட்டலியா?"

"முட்டுதுதான். தாங்கிக்குவேன். பேசிக்கினே நிக்காம போங்க."

போனேன். திரும்பி வந்தபோது அவர் வேட்டி நனைந்திருந்தது. காலடியில் ஈரம். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அவர் மட்டும் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார்.

"இன்னா சார் அப்புடிப் பாக்குறீங்க? மடை ஒடச்சிக்கிச்சி. திரும்ப ரொப்பிக்க வேண்டியதுதான்."

கடகடவென்று குடித்தார். அதே வேட்டியோடு வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தார். சிரித்தபடி!

எல்லோரையும் திட்டிய நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான்!

மறுநாள் சிகிச்சைக்குப் போனேன். அதற்கு மறுநாளும். கடைசி நாள்வரை.

விருத்தாசலம் ஜங்ஷனில் அவர் மேம்பாலம் ஏறி இறங்கி, மூச்சு வாங்க என்னிடம் வந்துவிட்டார்.

"ஒங்களுக்கு?" என்றேன்.

"தாங்குது சார்."

சுற்றி நின்ற ஆண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். இந்தக் கேள்வியை யாரும் யாரையும் கேட்பதில்லை. அதனால்தான் நாங்கள் இருவருமே டாக்டரிடம் தாமதமாகப் போய் நின்றோம்.

சிரித்தவர்களில் நன்றாக நரைத்த ஒருவரைப் பிடித்துக் கேட்டேன் — "உங்களுக்கு எப்படிங்க... நல்லா போவுதா?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது.