நதீரா தேடும் காய்ச்சல்

"எத்தனாம் மாசத்துல காய்ச்சல் வந்திச்சி, ராத்தா?"

செருப்பைக் கழற்றும்போதே நதீரா கேட்டுவிடுகிறார். பதில் வரும்வரை தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நிந்தவூரிலிருந்து அவர் வரும் ஸ்கூட்டியில், கால்வைக்கும் இடத்தில், ஐஸ்கட்டி அடைத்த, சூடேறாத ரெஜிபோம் பெட்டி. அதற்குள் இரத்தம் சேகரிக்கும் குழாய்கள். மருதமுனை தொடங்கி பாலமுனை வரை அவருக்குப் பெயர் "ரத்த மிஸ்".

வயது நாற்பத்திரண்டு. தாய் கருவுற்றிருந்தபோது தொற்றிய வைரஸ் ஏதும் பிள்ளைக்குப் பின்னாளில் மனச்சிதைவு நோயைக் கொண்டுவருகிறதா என்று டொக்டர் கனகரெத்தினம் ஆராய்கிறார். நோயுள்ளவர்கள், இல்லாதவர்கள், இவர்களின் தாய்மார் என்று எல்லோரிடமும் இரத்தம் சேகரிப்பது நதீராவின் வேலை. "சுனாமிக்கு நாலு வருசம் முந்தி" என்று தாய்மார் சொல்வதைத் திகதியாக்கிப் பென்சிலால் எழுதிக்கொள்வார். பேனா தொடமாட்டார். "உம்மாமாருக்கு ஞாபகம் பிந்தித்தான் வரும்" என்பார்.

அவருடைய மூத்த சகோதரர் பத்தொன்பது வயதில் சுவரோடு கதைக்கத் தொடங்கினார். வளர்ப்பு சரியில்லை என்றது ஊர். அதை நம்பிக்கொண்டே உம்மா மௌத்தாகி மண்ணுக்குள் போனார். இதை நதீரா, ஆய்வில் கூட வேலை செய்யும் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அப்போதும் குழாய்களில் இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்தார்.

மருதமுனையில் முத்தலிப்பின் வீட்டுக் கேற் நான்கு முறை அவருக்குத் திறக்கவில்லை. மகள் றஸ்னாவுக்கு இருபத்து நாலு வயது; ஆறு வருடமாக நோய்.

"என்ட புள்ளைக்கிப் பைத்தியமெண்டு எழுதத்தானே வாறீங்க?" கேற்றுக்குப் பின்னாலிருந்து முத்தலிப் கேட்டார்.

"இல்ல காக்கா. ஏன் வந்திச்செண்டு தேடத்தான் வாறன்."

ஐந்தாம் முறை முத்தலிப்பின் மனைவி பஸ்மினா கேற்றைத் திறந்துவிட்டார்.

சென்ற மாதம் முடிவு வந்தது. நானூறு பேரின் இரத்தம். தேடிய வைரஸின் தடயம் நோயுள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் ஒரே அளவு. கடிதம் அனுப்பினால் போதும் என்றார் டொக்டர். நதீரா கேட்கவில்லை. "ரத்தம் எடுக்க வீட்டுக்குப் போன நாங்க, பதில் சொல்லவும் போகோணும் சேர்."

வீடு வீடாகப் போனார். முத்தலிப் வீட்டுக்கு நானும் போனேன்.

விஷயத்தைக் கேட்டு முடித்த பஸ்மினா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அப்ப, என்ட காய்ச்சலால இல்லையா?"

"நாங்க தேடின வைரஸால இல்லப் போல, ராத்தா. வேற ஏதும் இரிக்கலாம். இன்னும் தெரியா."

"அப்ப என்ட பிழைதானா?"

"உங்கட பிழையெண்டு ஒரு குழாய்லயும் வரல்ல."

வாசலில் நின்ற முத்தலிப் தொண்டையைச் செருமினார். "இனி விட்டுடுவீங்களா?"

"என்னத்துக்கு விடுற? இன்னும் ரெண்டு வைரஸ் பார்க்க இரிக்கி. பழைய ரத்தம் அதுக்குக் காணாது, கொஞ்சம்தான் மிச்சம். திரும்ப எடுக்கோணும்."

உள்ளறையிலிருந்து றஸ்னா வந்தார். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார்.

"எடுங்க மிஸ்."

நதீரா இறப்பர் பட்டியைக் கட்டினார். பிறகு கண்களை மூடிக்கொண்டு, விரல் நுனியால் நரம்பைத் தேடத் தொடங்கினார்.