பொட்டு வைத்த மீட்டர்

போன வாரம் புளியங்குடியிலிருந்து திரும்பும்போது என் காரின் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. சங்கரன்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அங்கிருந்த பெண் ஏதோ கருவியைச் சொருகிப் பார்த்துவிட்டு, "தெர்மோஸ்டாட் சார். தொறக்கவே மாட்டேங்கு" என்றாள். இரண்டே நிமிடம். பெஞ்சில் உட்கார்ந்தேன்.

சுவரில் சாமி படத்துக்குச் சந்தனம் வைத்திருந்தார்கள். அந்த வாசனை எனக்கு ஆகாது. உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

அந்தக் காலத்தில் நானும் இதே ஊரில் மெக்கானிக். காதில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு பெரிய டாக்டர் மாதிரித் திரிவேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ராயகிரியிலிருந்து வேலாண்டி அண்ணாச்சி தன் வேனைக் கொண்டுவந்தார்.

"முள்ளு செவப்புக்குப் போவுது மக்கா. பயமா இருக்கு."

சூட்டை அளந்து சொல்லும் சென்சாரின் ஒயரைப் பிடுங்கினேன், முள் விழுந்தது. ஒயரை வண்டி பாடியில் தொட்டேன், உச்சிக்குப் போனது. மீட்டர் நல்ல மீட்டர்தான். புது சென்சார் போட்டேன். மறுபடியும் சிவப்பு. ரேடியேட்டரைத் தொட்டால் சில்லென்று இருந்தது. திறக்காத தெர்மோஸ்டாட் கொதிநீரை எஞ்சினுக்குள்ளேயே மறித்து வைத்திருக்கிறது என்பது இந்த டாக்டருக்கு உறைக்கவில்லை. அண்ணாச்சியின் கையையும் பிடித்து ரேடியேட்டர் மேல் வைத்துக் காட்டினேன்.

"புது சென்சாரும் பொய் சொல்லுது அண்ணாச்சி. பூச கழியட்டும், மாத்துவோம்."

மறுநாள் வண்டிக்குப் பொட்டு வைத்தது நான்தான். வேண்டுமென்றே அந்த மீட்டர் கண்ணாடியில், முள்ளே தெரியாதபடி சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தேன். பூஜையில் வைத்த பொட்டை எந்த டிரைவர் துடைப்பார்? "இனி அவன் மூஞ்சிய பாக்காண்டாம்" என்றேன். அண்ணாச்சி சிரித்தார்.

மூன்றாம் நாள், இளையரசனேந்தல் பக்கம் பானெட்டிலிருந்து ஆவி வந்திருக்கிறது. ரேடியேட்டர் சில்லென்றுதான் இருக்கும் என்று நான் காட்டிக்கொடுத்திருந்தேனே. வெறுங்கையால் மூடியைத் திருகியிருக்கிறார். இரண்டு கண்ணும் போயிற்று.

கேட்டவர்களிடமெல்லாம், "எல்லாம் எம் அவசரம்" என்றே சொன்னார். பொட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பிறகு வேனை விற்றுவிட்டு, பஸ் ஏறி வந்து என் பட்டறையில் உட்கார்ந்திருப்பார். வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டால் போதும், என் பக்கம் முகத்தைத் திருப்புவார்.

"முள்ளு எங்கன நிக்கி மக்கா?"

"நடுவுலதான் அண்ணாச்சி."

பார்க்காமலே சொல்வேன். அவர் இருக்கும்போது மீட்டர் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. அவர் தலையாட்டிக்கொள்வார். தெரிந்துதான் கேட்டாரா என்று இன்றும் தூக்கம் கெடுகிறது.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தப் பெண் காரை ஓடவிட்டு, "இப்பம் பாருங்க சார்" என்றாள். குனிந்து பார்த்தேன்.

"நடுவுலதான் அண்ணாச்சி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் திகைத்தாள். இந்தத் தடவை பார்த்துத்தான் சொன்னேன். கேட்டவர்தான் இல்லை.