மூக்கனுக்குக் கிடைத்த ஒப்பாரி

நோர்வூட் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மூக்கன் அளவுக்குத் திட்டு வாங்கியவர் வேறு யாரும் இல்லை. அவர் செய்த குற்றம், விடியுமுன் தப்புப் பறை அடித்து எல்லோரையும் பெரட்டுக்கு எழுப்பியதுதான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. ஆனாலும் அந்தக் குளிரில் கம்பளியை உதறுகிறவர்களுக்கு நியாயமா தெரியும்? வரிசை வீடுகளில் கடைசி லயத்துக் காளியாயிக்கு, "கட்டையில போறவனே" என்று அவரைத் திட்டினால்தான் பொழுதே விடியும். மூக்கனும் அதைக் காதில் வாங்கிய பிறகுதான் வீடு திரும்புவார்.

ஐம்பத்தேழில் உலகமெல்லாம் சுற்றிய ஃப்ளூ காய்ச்சல் எங்கள் மலைக்கும் ஏறியது. லயம் லயமாகப் படுத்துவிட்டோம். சாவுக்கும் தப்புதான் அடிப்பார்கள் என்பதால், சத்தம் கேட்டு நோயாளிகள் மிரளுவார்கள் என்று தோட்டத்து டாக்டர் சொன்னார். தோட்டத்தை நடத்தும் துரை தப்பையே நிறுத்திவிட்டார். மீறினால் பத்துச்சீட்டு, தோட்டத்தை விட்டே போக வேண்டியதுதான்.

அப்புறம் ஆளாளுக்குக் கிறுக்குப் பிடித்தது. விரட்ட ஆளில்லாத கணக்கப்பிள்ளை அழகுமுத்து, கோழிகளை வரிசையில் நிற்கச் சொல்லிக் கத்தினார். ஃபாக்டரி இரைச்சலில் தூங்கிப் பழகிய டீமேக்கருக்கு, மெஷின் நின்றதும் தூக்கம் போயிற்று. மூக்கனோ கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திட்டக்கூட ஆளில்லாத பிழைப்பு என்ன பிழைப்பு என்று அவருக்கு மனசே விட்டுப்போயிற்று.

நாங்கள் வேறு கணக்குப் போட்டோம். தப்பும் கேட்கவில்லை, ஆளையும் காணவில்லை. மூக்கன் போய்ச் சேர்ந்துவிட்டார். தப்படிக்கிறவரே செத்தால் அந்தச் சாவுக்கு யார் தப்படிப்பது? காய்ச்சல் மூளைக்கு அது சரியாகவே பட்டது.

சேதி கேட்ட காளியாயி, தன் வாய்தான் பலித்துவிட்டது என்று நம்பினாள். கஞ்சியும் வேண்டாம் மருந்தும் வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று பயந்த பக்கத்துக் காம்பரா வீட்டுப் பூரணி, சேதி மெய்தானா என்று மூக்கன் வீட்டாரைக் கேட்க ஓடினாள். கதவைத் திறந்தது மூக்கன். பேயோ என்று மிரண்ட பூரணி, விஷயத்தைச் சொல்லி அவரைக் காளியாயி வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

அவர் வந்தபோது உள்ளே ஒப்பாரி நடந்துகொண்டிருந்தது. "என் கருநாக்கு ஒன்னயத் தின்னுருச்சே, மூக்கா." தனக்கான ஒப்பாரியைத் தானே கேட்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மூக்கன் அழுதுவிட்டார். எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார். காளியாயியோ, தன்னைக் கூட்டிப் போக அவர் ஆவி வந்துவிட்டது என்று கம்பளியை இழுத்து மூடிக்கொண்டாள். எவ்வளவு சொல்லியும் முகத்தைக் காட்டவில்லை.

மூக்கன் ஓடிப்போய்த் தப்பை எடுத்து வந்தார். பூரணி பத்துச்சீட்டை ஞாபகப்படுத்தினாள். அவரோ அவள் அடுப்பிலேயே தப்பின் தோலைச் சூடேற்றி, பட்டப்பகலில் பெரட்டுத் தப்பை அடித்தார்.

லயமே இருமிக்கொண்டு திட்டியது. பங்களாவில் காய்ச்சலோடு படுத்திருந்த துரைகூட, விடிந்துவிட்டதென்று எழுந்து தேநீர் கேட்டாராம். பத்துச்சீட்டை மறந்தே போனார்.

உள்ளேயிருந்து, "கட்டையில..." என்று ஒரு குரல் கிளம்பிப் பாதியில் நின்றது.

மூக்கன் தப்பை நிறுத்தினார். "முழுசாத் திட்டுங்கக்கா. அப்பத்தான் எனக்கு உசுரு வரும்."

காளியாயி திட்டினாள். அவருடைய பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டி முடித்துவிட்டு, பூரணியிடம் கஞ்சி கேட்டாள்.