தாழி அறையில் துட்டி

புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். சிவசைலம் பிள்ளை. பாளையங்கோட்டையில் சித்திர வாத்தியார். கறிக்கு வைத்திருக்கும் பூசணிக்காயைக்கூட, "கொஞ்சம் பொறு ஏட்டி, காம்பு நல்லாருக்கு" என்று வரைவதற்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். உலை கொதித்துக்கொண்டே இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புது ராஜாவுக்கு டில்லியில் பட்டம் கட்டின மறுவருஷம் எங்கள் ஊரில் ஒரு காட்சிச்சாலை வைத்தார்கள். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆற்றங்கரை மேட்டில் தோண்டியெடுத்த தாழிகள், துருவேறிய வாள்கள், வெண்கலக் கிண்ணங்கள் எல்லாம் ஒரே அறையில். வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலை இவருக்குக் கிடைத்தது.

சும்மா போய் நின்று சொல்லிவிட்டு வரலாம் அல்லவா? மாட்டார். இந்த வேலை பார்க்கிறவர்கள் படிப்பதற்கென்றே இங்கிலீஷில் ஒரு புத்தகம் உண்டாம். யாரோ ஒரு துரையிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டார். நான் அம்மியில் அரைக்க, அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்வார்.

"பாக்க வந்தவங்க முன்னால நாம முந்திக்கிட்டுப் பேசப்படாது. முதல்ல அவங்க கண்ணு பாக்கட்டும். பொறவு, என்ன தெரியுதுன்னு கேக்கணும். பொய் மட்டும் சொல்லவே கூடாது."

"எங்கிட்ட மட்டும் முந்திக்கிட்டுப் பேசுதீங்களே" என்பேன். சிரிப்பார்.

படித்தது என்னவோ சரிதான். பார்க்க ஆள் வரவேண்டுமே! 'முன்னோரைப் புதைத்த தாழிகள்' என்று கொட்டை எழுத்தில் பலகை எழுதி வாசலில் மாட்டியது இந்த மனிதரேதான். படித்தவர்கள் படியேறவில்லை. படிக்கத் தெரியாமல் நுழைந்தவர்கள், தாழி இன்னதென்று தெரிந்ததும் நேரே ஆற்றுக்குக் குளிக்கப் போனார்கள். பிணம் இருந்த பானையைப் பார்த்தால் தீட்டு இல்லையா?

காட்சிச்சாலைக் காரியதரிசி சென்னைக்காரர். பொறுமைசாலிதான். அவரும் கடைசியில் சொல்லிவிட்டார்: கோஷா நாளிலும் யாரும் உள்ளே போகாவிட்டால் அறையைப் பூட்டி, எல்லாவற்றையும் பெட்டி கட்டிச் சென்னைக்கு அனுப்ப வேண்டியதுதான். கோஷா நாள் என்றால் பெண்கள் மட்டும் பார்க்கிற நாள். ஆண்கள் உள்ளே நிற்கக் கூடாது. 'பழங்காலப் பாத்திரங்கள்' என்று பலகையை மாற்றிப் பாருங்கள் என்றும் சொன்னாராம். அது பொய் என்று இவர் மறுத்துவிட்டார்.

அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. "நம்ம ஆத்தங்கரையில கிடந்ததை நம்ம சனம் பாக்காமலே ரயிலேத்தி விட்டுருவாங்க ஏட்டி" என்றார். எனக்கு மனசு தாங்கவில்லை.

சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதை எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்போம். அதுதான் சட்டென்று நினைவுக்கு வந்தது.

"தீட்டுன்னு யாராவது துட்டி வீட்டுக்குப் போகாம இருக்காங்களா?" என்று கேட்டேன். "போறாங்க, அழுறாங்க. போயிட்டு வாரேன்னு சொல்லாம எந்திரிச்சு வாராங்க. தலையில தண்ணிய ஊத்திக்கிட்டு வீட்டுக்குள்ள போறாங்க. நீங்களும் பின்வாசல்ல தண்ணி வைங்க. தீட்டு அங்கனயே கழிஞ்சு போகும்லா."

என்னையே பார்த்தார். "அப்போ அன்னைக்கு உள்ள நீதான் நிக்கணும்."

"நானா? நல்லா இருக்கே கதை!" என்றேன். ஆனாலும் போனேன்.

பின்வாசலில் அண்டா நிறையத் தண்ணீர். அந்தச் செய்தியே ஆட்களைக் கூட்டி வந்தது. முதல் வண்டியில் மேலத்தெரு சொர்ணாம்பாள் ஆச்சி, தன் வீட்டுப் பெண்களோடு இறங்கினார். அவர் வாய்க்குத் தெருவே பயப்படும். பின்னாலேயே மேலப்பாளையத்திலிருந்து மூடுவண்டியில் ஜமீலா பீவியும் அவர் மருமகள்களும்.

புத்தகம் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு நின்றேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று கட்டினவருக்குத்தான் தெரியும். ஆச்சி ஒரு தாழிக்குப் பக்கத்தில் குனிந்தார். அதற்குள் கிடைத்த சாமான்களை அங்கே பரப்பியிருந்தோம்.

"என்ன தெரியுது ஆச்சி?"

"கிண்ணத்துல உமி ஒட்டியிருக்கு. நெல்லுல்லா போட்டு அனுப்பியிருக்காங்க." பக்கத்தில் இருந்த வளையல்களை உற்றுப் பார்த்தார். பிறகு, "வளையலக் கழத்தலையே. சுமங்கலியாப் போயிருக்கா" என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எந்த வீட்டு மவராசியோ! உன்னையத் துட்டி கேக்க ஒரு நாதி வரலையே!" என்று குரலெடுத்து அழுதார். ஐயோ, அந்தக் குரல்! வந்த பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டிக்கொண்டு அழுதார்கள். "யாருக்குன்னாலும் மவுத்து மவுத்துதானே, சாவுல என்ன பேதம்" என்று ஜமீலா பீவி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நானும் அழுதேன். அவள் யாரென்று எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

வெளியே நடந்ததை இவர் பிறகு சொன்னார். தள்ளி வேப்பமரத்தடியில் நின்றிருந்த இவரும் காரியதரிசியும் அழுகுரல் கேட்டுப் பதறிப் போனார்களாம். பெண்கள் பின்வாசல் வழியாக வந்தார்கள்; தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்கள்; காலைக் கழுவினார்கள்; பேசாமல் வண்டியேறினார்கள். காரியதரிசி தூரத்திலிருந்தே கைகூப்பினார். ஒருத்தரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"எல்லாருக்கும் கோபம். போய்வருகிறோம் என்று ஒரு வார்த்தை இல்லை. நாளைக்கே பூட்டிவிடலாம்" என்றார் அவர்.

இவர் கண் நிறைந்துவிட்டது. "கோவமே இல்லைங்க. துட்டி கேட்டுட்டுப் போறாங்க. அதான் சொல்லிக்கிடல. நாளைக்குப் பாருங்க, வீட்டு ஆம்பளைங்க வருவாங்க. வீட்டுப் பொம்பளைங்க அழுதுட்டு வந்த இடத்துக்கு எங்க ஊர்ல ஆம்பளைங்க போகாம இருக்க மாட்டாங்க."

மறுநாள் சொர்ணாம்பாள் வீட்டு ஆண்கள் முதல் ஆளாக வந்தார்கள். அதன் பிறகு தெருத்தெருவாக வந்தார்கள். அறையை யாரும் பூட்டவில்லை.

"உள்ள அப்படி என்னதான் ஏட்டி சொன்ன?" என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றுமே சொல்லவில்லை என்றால் நம்பவில்லை.

பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு நன்றி சொல்லி, மறுபடியும் வாருங்கள் என்று அழைத்து அனுப்ப வேண்டும் என்று அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறதாம். அத்தனை பக்கத்திலும் அந்த ஒரு வரியைத்தான் இவர் பென்சிலால் அடித்துவிட்டார். தாழி அறையிலிருந்து யாரையும் போய்வாருங்கள் என்று சொல்லி அனுப்பினதே இல்லை. பின்வாசலில், தண்ணீர் அண்டாவுக்குப் பக்கத்தில், பேசாமல் நிற்பார்.