மீட்டர்க் குழியின் கல்மூடி

அந்தக் கல்மூடிக்குக் கீல் கிடையாது. இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்தால்தான் நிற்கும். அதன் அடியில், மீட்டர்க் குழிக்குள் தலையையும் ஒரு கையையும் விட்டு, ஈரத் தரையில் குப்புறப் படுத்திருப்பார் எங்கள் குடிநீர் ஓவர்சியர். மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. வழுக்கினால் அவர் பிடரியில்தான் விழும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் ஒரு வருஷம், குற்றாலத்தில் சீசன் நேரம். அருவியில் கொட்டோ கொட்டென்று கொட்டும்; மேலத்தெருக் குழாயில் காற்றுதான் வரும். விடிந்ததும் விடுதிகள் எல்லாம் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்துவிட, மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாது. பெண்கள் வாய்க்காலில் மொண்டார்கள். இரண்டு வீட்டில் வாந்திபேதி கண்டது. அதற்குப் பிறகுதான் ஓவர்சியர் மேலதிகாரிகளிடம் மன்றாடி ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். காலை ஐந்திலிருந்து எட்டு வரை விடுதிகள் எடுக்கிற தண்ணீருக்கு மட்டும் இரட்டை விலை. மற்ற நேரத்துக்குப் பழைய விலைதான். "மத்தியானமே தொட்டியை ரொப்பி வச்சுக்கிடட்டுமே, யாரு வேண்டாம்னு சொன்னா?" என்பார். ஆகவே ஐந்துக்கு ஒரு தடவை, எட்டுக்கு ஒரு தடவை அவர் குழிக்குள் தலையை விட்டாக வேண்டும்.

பெரிய விடுதி ஒன்றில் ஒருநாள், எட்டு மணிக்கு. சாரலில் கல் நனைந்திருந்தது. விடுதி மேனேஜர் என் தோளை ஒட்டி வந்து நின்றார். பின்னால் அவருடைய ஆட்கள் இரண்டு பேர்.

"கல்லு நனைஞ்சிருக்கு. கை வழுக்கத்தான் செய்யும். யாரு உம்மைக் குத்தம் சொல்லப் போறா?" என்றார் மெதுவாக, குசலம் விசாரிப்பதைப் போல. "பிள்ளைகுட்டிக்காரரு நீரு. தென்காசிக்குத் தினமும் தனியாத்தானே நடந்து போறீரு?"

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். மனைவி, கைக்குழந்தை, வழியில் ஆளில்லாத அந்த ரோடு எல்லாம் கண்ணில் வந்து போயின. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் என் விரல்கள் தளர்ந்தன. கல் ஒரு நூல் அசைந்தது. உள்ளேயிருந்து எண்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்த ஓவர்சியர் நிறுத்தினார். பிறகு விட்ட இடத்திலிருந்து படித்தார். நான் மூடியை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து கன்னத்துச் சேற்றைத் துடைத்தார். குழிக்குள் எல்லாம் கேட்டிருக்கும். நாளைக்கு வேறு ஆளைக் கூட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். கூட்டிக்கொள்ள மாட்டாரா என்று ஏங்கவும் செய்தேன். மறுநாள் அதே குழி. துண்டைத் தலையில் கட்டினார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு, வே. பிடியும்" என்று சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்தார்.

சீசன் முடிகிறவரை பிடித்தேன். தென்காசி ரோட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே நடந்தேன். மேலத்தெருவில் ஏழு மணிக்கெல்லாம் குடம் நிறைந்தது.

இப்போது என் வீட்டு மீட்டருக்குத் தகர மூடிதான். கணக்கெடுக்க வருகிறவர் அதைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிகிறார். நான் போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். "அதான் சாய்ச்சு வச்சிருக்கே தாத்தா, விடுங்க" என்று சிரிக்கிறார். அவர் நிமிர்கிறவரை நான் விடுவதில்லை.