பெட்ரோல் என்று திரும்பி வந்த க்ரீம்

1. ரிட்டர்ன்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக இருந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை என்று எல்லாச் சண்டையையும் சமாளித்திருக்கிறேன். என் உயிரை வாங்கியது லிக்விட் பாரஃபின் எனப்படும் மினரல் ஆயில்தான்.

ஒரு நாள் சுமதி என்ற வாடிக்கையாளர் பாதி தீர்ந்த க்ரீம் ட்யூபைக் கவுன்டரில் டொக்கென்று வைத்தார். அவருடைய ஆறு வயது மகளுக்கு எக்ஸிமா. முழங்கால் மடிப்பில் தோல் வறண்டு, சொறிந்து சொறிந்து ரத்தம் வரும். அதற்குத் தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த க்ரீம் அது.

“இதுல மினரல் ஆயில் இருக்காமே சார்? பெட்ரோல் கழிவாம், கேன்சர் வருமாம். வாட்ஸ்அப்ல வந்துச்சு. தெரிஞ்சேதான் விக்கிறீங்களா?”

பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். கச்சா எண்ணெயில் இருந்து எடுப்பது உண்மைதான். சரியாகச் சுத்திகரிக்காத எண்ணெயில்தான் ஆபத்து. மருந்துக்குப் போவது கெடுதலான பொருட்களை நீக்கிய தரம். அது தோலின் மேலே நின்று ஈரம் போகாமல் காக்கும், அவ்வளவுதான் அதன் வேலை.

“உங்களுக்குக் கமிஷன் வருது, சொல்லத்தான் செய்வீங்க” என்று சொல்லிவிட்டு ட்யூபை அங்கேயே விட்டுப் போனார். யாரோ முகம் தெரியாதவன் அனுப்பியது வேதவாக்கு, படித்துவிட்டு எதிரே நிற்கிறவன் திருடன்.

2. கம்பெனி ஆயில்

அடுத்த வாரம் அவருடைய கணவர் முருகன் வந்தார். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். அவரிடமும் அதே பாடத்தை ஒப்பித்தேன். தலையைத் தலையை ஆட்டினார். ஒருவருக்காவது புரிந்ததே என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து ஒரு தண்ணீர் பாட்டிலில் எண்ணெயோடு வந்து நின்றார்.

“சார், மினரல் ஆயில் எங்க கம்பெனிலயே கீது. பார்ட்ஸ் துருப்பிடிக்காம இருக்கத் தடவுவோம். இரும்பையே காப்பாத்துது, தோலைக் காப்பாத்தாதான்னு ரெண்டு நாளா பாப்பாவுக்குத் தடவுறேன். எரியுதுன்னு அழுவுது. இன்னா சார் பண்றது?”

மூடியைத் திறந்தேன். குப்பென்று மண்ணெண்ணெய் வாடை.

“யோவ்!” என்று கத்திவிட்டேன். “அது இரும்புக்குய்யா! என்னென்ன கெமிக்கல் கலந்திருக்கோ! முதல்ல சோப்புப் போட்டுக் கழுவு. இந்த பாட்டிலோடயே டாக்டர்கிட்ட ஓடு.”

“நீங்கதான சார் மினரல் ஆயில் சேஃப்னு சொன்னீங்க?”

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மனைவி பெயரைப் பார்த்துப் பயந்தார், கணவர் பெயரைப் பார்த்து நம்பினார். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

3. எரியுமா?

டாக்டர் புண்ணை ஆற்றிவிட்டு, மறுபடி அதே க்ரீமையே எழுதிக் கொடுத்தார். மூன்று பேருமாகக் கடைக்கு வந்தார்கள்.

“பெட்ரோல்னு நான் அப்பவே சொன்னேன்” என்றார் சுமதி.

“அது வேற, இது வேற. ஐ.பி.னு போட்டுக்கீது பாரு, மருந்துத் தரம்” என்றார் முருகன்.

நானும் நடுவில் புகுந்து குரலை உயர்த்தினேன். கடையே வேடிக்கை பார்த்தது. அப்போது கீழே இருந்து குழந்தை கேட்டாள்.

“அங்கிள், இது எரியுமா?”

முருகன் கையிலிருந்த புது ட்யூபை மனைவியிடம் நீட்டினார். சுமதி உட்கார்ந்து, ட்யூபைத் திறந்து, மகளின் கால் மடிப்பில் துளியூண்டு வைத்தார். குழந்தை கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தாள்.

“எரியல.”

சுமதி ட்யூபைக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

கவுன்டருக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். மினரல் ஆயில் நல்லது, கெட்டது என்று வெறும் பெயரை வைத்துப் பேசாதீர்கள். எந்தத் தரம், எதற்காகச் செய்தது என்று லேபிளைக் காட்டிச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், தோல் யாருடையதோ அவரிடம் பேசுங்கள்.